காடும் கடனும்

அமேசான் காட்டில் ரப்பர் மரம் தோப்பாக வளர்வதில்லை. ஒரு ஹெக்டேரில் ஒன்றிரண்டு நின்றால் உண்டு. நெருக்கமாக நட்டால் அந்த மண்ணுக்கே உரிய இலைக்கருகல் பூஞ்சை மரத்துக்கு மரம் தாவி அழித்துவிடும். 1928இல் தப்பஜோஸ் ஆற்றங்கரையில் ஹென்றி ஃபோர்டு தொடங்கிய ஃபோர்டுலாந்தியா தோட்டம் பாழானதற்கு அந்தப் பூஞ்சையும் ஒரு காரணம். அமேசான் பகுதியின் சமூக அமைப்பும் மரங்களின் இந்த இடைவெளியிலிருந்தே உருவானது.

பால் எடுப்பவர் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். ஒரு தடத்தில் நூறு முதல் இருநூறு மரங்கள் வரை இருக்கும். முதல் சுற்றில் பட்டையைக் கீறிக் குவளையைப் பொருத்துவார். மறு சுற்றில் பாலைச் சேகரிப்பார். பின்பு பனங்கொட்டைப் புகையில் ஒரு கோலைச் சுழற்றியபடியே பாலை ஊற்றி, பெரிய உருண்டையாகத் திரட்டுவார். இப்படித் தனித்தனியே காட்டுக்குள் அலைபவர்களை மேற்பார்க்க முடியாது. நாள்கூலி முறையும் அங்கே எடுபடாது.

நிலம் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில், சுதந்திரமான உழைப்பாளியும் உழைக்காத நிலவுடைமையாளரும் சேர்ந்திருக்க முடியாது என்று 1970இல் வாதிட்டார் பொருளியலாளர் எவ்சி டோமர். ரஷ்யப் பண்ணையடிமை முறையை மனத்தில் கொண்டு அவர் சொன்னது அமேசானுக்கும் பொருந்துகிறது. அங்கே ஆளைக் கட்டிப்போட்டது கடன். பெலெம் நகர வணிக நிறுவனங்கள் காட்டு முதலாளிக்குச் சரக்கைக் கடனாகத் தரும். அவர் அதை விலையேற்றித் தொழிலாளிக்குக் கடனாகத் தருவார். ரப்பர் அதே வழியில் திரும்பி வரும். 1877–79 பஞ்சத்தில் பிரேசிலின் சியாரா பகுதியிலிருந்து ஓடிவந்தவர்களுக்குப் படகுக் கூலியே முதல் கடன். பல இடங்களில் சொந்தமாகப் பயிரிடவும் தடை இருந்தது.

இது வெறும் சுரண்டல் அல்ல, ஆபத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும்கூட என்பது பிராட்ஃபோர்டு பர்ஹாம், ஆலிவர் கூம்ஸ் ஆகியோரின் விளக்கம். தொழிலாளி ரப்பரில் மணலைக் கலக்கலாம், படகு வியாபாரியிடம் கள்ளத்தனமாக விற்கலாம். முதலாளி கொடுத்த கடனும் முழுகிப்போகலாம். அதில் உண்மை உண்டு. ஆனால் கணக்குப் புத்தகம் முதலாளியின் கையில் இருந்தது; கடன்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. இதை ஒதுக்கிவிட்டுப் பேசும் பொருளியல் அரைகுறையானது.

1876இல் ஹென்றி விக்கம் லண்டனுக்குக் கொண்டுபோன சுமார் 70,000 விதைகளில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்றன. பூஞ்சை அவற்றோடு போகவில்லை. அதனால் அங்கே மரங்களை வரிசையாக நட முடிந்தது. அதோடு வேறொரு சமூகமும் எழுந்தது. தமிழகத்திலிருந்து ஆள் கட்டிய கங்காணி, ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டு, லயம் எனும் வரிசைக் குடியிருப்பு, நாள்கூலி எனக் கண்காணிப்பு எளிதானது. 1913 வாக்கில் ஆசியத் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை முந்தியது. அமேசான் வணிகம் சரிந்தது.

முதலாளிகள் போனார்கள்; ஆனால் பிரேசிலின் அக்ரி மாநிலத்தில் தொழிலாளர்கள் பலர் காட்டிலேயே தங்கி, பயிரிட்டுக் குடும்பமானார்கள். ஒரு குடும்பத்தின் உடைமை அங்கே ஏக்கரில் அல்ல, தடங்களின் எண்ணிக்கையில் அளக்கப்பட்டது. 1970களில் மாட்டுப்பண்ணைக்காரர்கள் காட்டை வெட்ட வந்தபோது, குடும்பம் குடும்பமாகப் போய் மறித்து நின்றார்கள். அவர்களுடைய தலைவர் சிகோ மென்டிஸ் 1988 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990இல் அவர் பெயரில் ஒன்பது லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட காடு ஒதுக்கப்பட்டது: நிலம் அரசுடையது, பயன்படுத்தும் உரிமை குடும்பங்களுடையது, விற்க முடியாது.

ஆனால் அந்த உரிமை ரப்பருக்கு நல்ல விலையைத் தரவில்லை. நோய்நொடி வந்தால் மறுநாளே பணமாக்கக்கூடியது மாடுதான். அதனால் ஒதுக்கப்பட்ட அந்தக் காட்டுக்குள்ளும் இன்று மேய்ச்சல் நிலம் பெருகிவருகிறது.