ஃப்ரெட்டைப் பிடுங்குவது, கம்பியை மாற்றாமலே விடுவது... பேஸ் கிட்டார்காரர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

கல்லூரி இரண்டாம் ஆண்டு கல்சுரல்ஸ். எங்கள் டிபார்ட்மென்ட் பேண்ட் மேடையில் இரண்டாவது பாட்டை வாசித்துக்கொண்டிருந்தது. திடீரென ஏதோ ஒன்று குறைந்தது. டிரம்ஸ் அடிக்கிறது, லீட் கிட்டார் கேட்கிறது, பாடுகிறவர் சரியாகத்தான் பாடுகிறார். ஆனால் பாட்டு மட்டும் காற்றுப் போன டயர் மாதிரி ஆகிவிட்டது. என்ன போச்சு என்று கூட்டத்தில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மேடை ஓரத்தில் நின்ற பேஸ் கிட்டார் நண்பன் மட்டும் கேபிளை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காரணம், கிட்டாருக்குள் இருந்த ஒரு 9 வோல்ட் பேட்டரி. முந்தின நாள் ராத்திரி பிராக்டிஸ் முடிந்ததும் கேபிளைப் பிடுங்காமலே தூங்கப் போயிருக்கிறான். பேட்டரி காலி. "இவ்ளோ நேரம் வாசிச்சேன், ஒருத்தரும் என்னைப் பார்க்கல. சத்தம் நின்னதும் எல்லாரும் பார்க்கறாங்க" என்றான் பிறகு கேன்டீனில்.

பேஸ் வாசிப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்த மாதிரி மேடைக் கதை ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். கூடவே இன்னொன்றும் தெரியவரும். இவர்கள் தங்கள் கருவியைச் சும்மா விடுவதே இல்லை. ஒருவர் கம்பிக்கு அடியில் ஸ்பாஞ்ச் திணிப்பார். ஒருவர் பழைய கம்பியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைப்பார் (உண்மைதான், அழுக்கும் எண்ணெயும் போய்க் கொஞ்ச நாளைக்குப் புதுக் கம்பி மாதிரிக் கேட்கும்). இன்னொருவர் அதே கம்பியை வருஷக்கணக்கில் தொடவே மாட்டார். ஏன் இவ்வளவு பாடு?

போனில் கேட்டால் பேஸ் எங்கே போகிறது?

சாதாரண கிட்டாரின் மிகத் தடித்த கம்பி நொடிக்கு சுமார் 82 முறை அதிரும். நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி அதில் சரிபாதி, சுமார் 41 முறை. அதாவது ஒரு ஸ்தாயி கீழே. அவ்வளவு தாழ்ந்த அதிர்வை உங்கள் போன் ஸ்பீக்கரால் உருவாக்கவே முடியாது, அது அவ்வளவு சின்னது. இருந்தாலும் போனில் கேட்கும்போது பேஸ் மெட்டு ஓரளவு புரிகிறது அல்லவா? கம்பி அதிரும்போது அடிப்படை ஒலியோடு, அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஒலிகளும் சேர்ந்தே வரும். போனில் வருவது அந்த மேல் ஒலிகள்தான். அதை வைத்து "கீழே இது இருந்திருக்கும்" என்று மூளையே நிரப்பிக்கொள்கிறது.

மேடையில் அந்த ஏமாற்று வேலை போதாது. தாழ்ந்த ஒலிகளுக்கு நம் காது மந்தம். அதனால் மற்ற வாத்தியங்களுக்கு இணையாகக் கேட்க பேஸுக்குப் பல மடங்கு மின்சக்தி வேண்டும். 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்விடி ஆம்ப் 300 வாட். தலைப்பகுதி மட்டும் சுமார் 40 கிலோ. அதற்குக் கீழே எட்டு ஸ்பீக்கர் வைத்த பெட்டி இன்னும் கனம். பழைய பேஸ்காரர்கள் முதுகுவலி பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். இன்று வரும் கிளாஸ் டி ரக ஆம்ப் சில கிலோதான், பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலேயே போகலாம். பல மேடைகளில் அதுகூடக் கிடையாது. டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி வழியாக கிட்டார் ஒலி நேரே மிக்சருக்குப் போய்விடும். அப்புறம் எல்லாம் சவுண்ட் இன்ஜினியர் கையில்.

முதலில் பிரச்சினை, பிறகுதான் ஒலி

எலக்ட்ரிக் பேஸ் பிறந்ததே மேடைக் கஷ்டத்தில்தான். அதற்கு முன்பு இருந்தது ஆள் உயர டபுள் பேஸ். தூக்கிப் போவது சிரமம், கூட்ட இரைச்சலில் கேட்பதும் சிரமம். 1951-ல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸை கிட்டார் மாதிரித் தோளில் மாட்டிக்கொள்ளலாம். பெயரில் உள்ள 'பிரிசிஷன்' என்பது துல்லியம். டபுள் பேஸில் விரலை எங்கே வைப்பது என்பதற்குக் காதுதான் வழிகாட்டி. இதிலோ கழுத்துப் பலகையில் ஃப்ரெட் எனும் உலோகக் கம்பிகள் குறுக்கே பதிக்கப்பட்டிருந்தன. விரலை நடுவில் எங்கே அழுத்தினாலும் சுரம் சரியாக விழும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஃப்ரெட்டைத்தான் வாசிப்பவர்கள் பிடுங்கிப் போட்டார்கள்.

1961-ல் இங்கிலாந்தில் பில் வைமன் ஒரு மலிவான பழைய பேஸ் வாங்கினார். ஃப்ரெட் எல்லாம் தேய்ந்து, ஒவ்வொரு சுரத்திலும் கறகற சத்தம். புதிது போடலாம் என்று பழையதைப் பிடுங்கினார். வாசித்துப் பார்த்தால் பிடுங்கியதே நன்றாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டார். அடுத்த வருஷம் அவர் ரோலிங் ஸ்டோன்ஸில் சேர்ந்தார். அவரைச் சேர்த்துக்கொண்டதற்கு அவரிடம் நல்ல ஆம்ப் இருந்ததும் ஒரு காரணம் என்பது அந்தக் குழுவிலேயே சொல்லப்பட்ட கதை. பேஸ்காரர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். "வண்டி இருக்கா, ஆம்ப் இருக்கா?" என்பதுதான் இன்றைக்கும் பல பேண்டுகளில் முதல் கேள்வி.

ஃப்ரெட் இல்லாத பேஸ் என்றதும் உலகம் சொல்லும் பெயர் ஜாகோ பாஸ்டோரியஸ். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வளர்ந்தவர். முதலில் டபுள் பேஸ் வைத்திருந்தார். கடலோர ஈரக்காற்றில் அது விரிசல் விட்டுப் பாழானது. அந்த வழுக்கும் குரல் வேண்டும், ஆனால் உடையாத கருவி வேண்டும். கையில் இருந்தது 1962-ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸ். வெண்ணெய் தடவும் கத்தியால் ஃப்ரெட்டை நெம்பி எடுத்ததாகச் சொல்வார்கள். வாங்கும்போதே ஃப்ரெட் இல்லை என்றும் ஒரு கதை உண்டு. இரண்டுமே ஜாகோ வாயிலிருந்து வந்தவை என்பதால் எதை நம்புவது என்பது உங்கள் விருப்பம்.

அதற்குப் பிறகு செய்ததுதான் முக்கியம். ஃப்ரெட் இருந்த பள்ளங்களை மர மக்கால் நிரப்பினார். ஆனால் அவர் போட்டிருந்தது ரவுண்ட்வவுண்ட் கம்பி. அதன் மேல்பகுதி அரம் மாதிரிச் சொரசொரப்பாக இருக்கும். ஃப்ரெட் இல்லாத பலகையில் அது நேராக மரத்தைத் தின்றுவிடும். எனவே பலகை மேல் படகுகளுக்குப் பூசும் எபாக்சியைப் பல அடுக்காகப் பூசினார். மரம் பிழைத்தது. கூடவே எதிர்பாராத லாபம்: கண்ணாடி மாதிரிக் கடினமான அந்தப் பரப்பில் சுரம் நீண்டு நின்று பாடியது. 1976-ல் வந்த அவரது முதல் ஆல்பத்திலும், 1977-ல் வெதர் ரிப்போர்ட் குழுவின் 'ஹெவி வெதர்' ஆல்பத்திலும் கேட்பது அந்த ஒலிதான். என் கணிப்பில், படகுக் கடையில் இருந்து இசைக்கு வந்த மிகப் பெரிய நன்கொடை இது.

கம்பியை மாற்றாத மனிதர்

ஜாகோவுக்கு நேர் எதிர்த் துருவம் ஜேம்ஸ் ஜேமர்சன். 1960-களில் டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்துக்கு வரிசையாக ஹிட் பாடல்கள் வாசித்தவர். அவருடைய கருவி 1962 பிரிசிஷன் பேஸ். அதில் தடித்த ஃப்ளாட்வவுண்ட் கம்பி, அதாவது வெளியே தட்டையான உலோகப் பட்டை சுற்றிய வழுவழுப்பான ரகம். கம்பிகள் பலகையிலிருந்து மிக உயரத்தில் நின்றன. மற்றவர்கள் வாங்கி வாசித்தால் விரல் வலிக்கும். பிரிட்ஜ் மூடிக்குள் ஃபோம். வலது கையில் பெரும்பாலும் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும். அதற்கே 'கொக்கி' என்று பட்டப்பெயர் உண்டு. கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார்.

சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். புதுக் கம்பி 'டிங்' என்று பளபளப்பாக ஒலிக்கும். அந்தப் பளபளப்பு பாடகரின் குரலோடும் கிட்டாரோடும் போய் மோதும். அழுக்கேறிய பழைய கம்பியும் ஃபோமும் அதைத் தின்றுவிடும். மிஞ்சுவது 'தும்' என்று விழுந்து உடனே அடங்கும் சுரம். தனியாகக் கேட்டால் மந்தமாக இருக்கும், பாட்டுக்குள் வைத்தால் அச்சாகப் பொருந்தும். பேஸ்காரர்கள் செய்யும் பெரும்பாலான மாற்றங்களுக்கு விளக்கம் இதுதான். கடையில் தனியாக வாசித்துப் பார்த்து வாங்கிய அழகான ஒலி, மேடையில் டிரம்ஸோடு சேரும்போது காணாமல் போகும். லாஸ் ஏஞ்சலஸில் கரோல் கே என்ற பெண்மணி, கம்பிகள் மேல் ஃபெல்ட் துணித் துண்டை வைத்துப் பிக்கால் வாசித்ததும் இதற்காகத்தான். வீட்டில் செய்து பார்க்க, பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்சில் ஒரு துண்டு போதும்.

ஜேமர்சன் வாசித்த எத்தனையோ ரெக்கார்டுகளின் உறையில் அவர் பெயர் இல்லை. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில், 1971-ல்தான் பெயர் வந்தது. நம்மூருக்கும் இது புதிதல்ல. இளையராஜா பாடல்களின் பேஸ் வரிகளை முணுமுணுக்கத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு வாசித்த சசிதரன் பெயர் தெரியும்? ரஹ்மான் கேசட் அட்டைகளில் வாத்தியக்காரர்கள் பெயரைப் போட ஆரம்பித்த பிறகுதான் கீத் பீட்டர்ஸ் போன்றவர்களைக் கேட்பவர்கள் தேடிப் போனார்கள். இப்போது மோகினி டே மேடையேறினால் அவருக்கென்றே ஒரு கூட்டம் வருகிறது. சந்தோஷம்தான், ஆனால் ரொம்பத் தாமதம்.

தொலைந்தால் என்ன ஆகும்?

இவ்வளவு கைவேலை செய்த கருவி திருட்டுப் போனால் அதே மாடலில் இன்னொன்று வாங்கி ஈடுகட்ட முடியாது. பேஸ்காரர்களின் பெரிய பயம் இது. ஷோ முடிந்த களைப்பு, இருட்டில் நிற்கும் வேன், ஆளாளுக்குப் பெட்டி தூக்கும் அவசரம். திருட்டு நடப்பது அப்போதுதான்.

பால் மெக்கார்ட்னி 1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹோஃப்னர் பேஸ், 1972-ல் லண்டனில் ஒரு வேனில் இருந்து திருடப்பட்டது. தேடல் குழு ஒன்று விடாமல் துப்புத் துலக்கி, இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கண்டுபிடித்தது. திரும்பக் கிடைத்ததை 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். ஐம்பது வருஷம்!

ஜாகோவின் பேஸ் 1986-ல் நியூயார்க்கில் காணாமல் போனது. அப்போது அவர் மனநோயோடும் குடியோடும் போராடி, தெருவில் காலம் கழித்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் 35 வயதில் இறந்தார். இருபது ஆண்டுக்குப் பிறகு அந்த பேஸ் நியூயார்க்கிலேயே தலைகாட்டியது. முன்பே ஒருமுறை துண்டு துண்டாக உடைந்து ஒட்டப்பட்டது என்பதால் அந்த ஒட்டு வேலையே அடையாளம். யாருக்குச் சொந்தம் என்று வழக்கு நடந்தது. கடைசியில் மெட்டாலிக்கா பேஸ் கிட்டாரிஸ்ட் ராபர்ட் ட்ருஹியோ பணம் கொடுத்து உதவ, 2010-ல் அது மீட்கப்பட்டது.

ஜேமர்சனின் பேஸ் மட்டும் வரவில்லை. 1983-ல் மோடவுனின் 25-ஆம் ஆண்டு விழா நடந்தபோது, அவர் மேடையில் இல்லை, பார்வையாளர் வரிசையில் இருந்தார். அதே ஆகஸ்டில் 47 வயதில் இறந்தார். அதற்குச் சில நாள் முன்புதான் பேஸ் அவர் வீட்டில் இருந்து திருடு போயிருந்தது. 2000-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது. பேஸை இன்னும் தேடுகிறார்கள். அடையாளம் சுலபம்: கழுத்து உடலோடு சேரும் அடிப்பகுதியில் 'ஃபங்க்' என்று ஆங்கிலத்தில் செதுக்கி, நீல மை ஏற்றியிருப்பார்.