முதலில் தொடு, பிறகு சொருகு

சாத்தூர்ப் பக்கத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளே! பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் சித்தியிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். மருந்து அறைக்குள் நுழையும் முன் வாசலில் இருக்கும் உலோகத் தகட்டை ஏன் தொடுகிறார்? ஏன் பருத்தித் துணியே உடுத்துகிறார்?

நம் உடம்பில் நிலைமின்சாரம் சேரும். பருத்தி உடுத்தினால் அது குறைவாகச் சேரும். தகட்டைத் தொட்டால் அது தரைக்குள் இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஒரு சிறு பொறியே மருந்தைப் பற்றவைத்துவிடும்.

பள்ளி ஆய்வகத்து மின்னணுப் பலகைக்கும் இதே நிலைமின்சாரம்தான் எதிரி. கையில் 'சுரீர்' என்று உறைக்க ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும். சில சிப்புகளோ சில நூறு வோல்ட்டிலேயே கெட்டுவிடும். உங்களுக்குத் தெரியாமலே அவை பாழாகலாம்! ஆகவே எர்த் உள்ள உலோகத்தைத் தொட்டுவிட்டு, பலகையை ஓரத்தில் பிடித்துத் தூக்குங்கள். ஒன்று மட்டும் மறக்கவே கூடாது, கண்மணிகளே: பட்டாசு மருந்து இருக்கும் இடத்துக்குப் பலகை, பேட்டரி எதையும் கொண்டுபோகாதீர்கள்.

2016 முதல் பல பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்காக அடல் டிங்கரிங் லேப் என்ற ஆய்வகங்களைத் திறந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஆய்வகங்களில் நிறையப் பேர் பழகும் பலகை ஆர்டுயினோ உனோ. இத்தாலியின் இவ்ரேயா ஊரில் 2005இல் மாணவர்களுக்காகத் தொடங்கிய ஆர்டுயினோ குடும்பத்தைச் சேர்ந்தது.

உனோ ஆர்3 பலகைக்குத் தேவை 5 வோல்ட். யூஎஸ்பி வயர் அதைச் சரியாகத் தரும். பக்கத்தில் உள்ள வட்டத் துளையில் 7 முதல் 12 வோல்ட் வரை கொடுக்கலாம். மிச்ச வோல்ட் என்ன ஆகும்? சூடாகப் போகும். 12 கொடுத்தால் 7 வோல்ட் மிச்சம். 0.1 ஆம்பியர் ஓடினால் 7 × 0.1 = 0.7 வாட் வீண் சூடு. கணக்குப் புரிகிறதா? அதனால் முதல் நாள் யூஎஸ்பியே போதும். பலகைக்கு அடியில் ஸ்டீல் ஸ்கேல் கிடக்கிறதா என்றும் பாருங்கள். கிடந்தால் ஷார்ட் ஆகிவிடும்.

யூஎஸ்பி வயரைச் சொருகியதும் பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் கணினிக்குப் பலகை தெரியவில்லை! என்ன காரணம்? வயரை மாற்றிப் பாருங்கள். சார்ஜுக்கு மட்டும் உள்ள சில வயர்களில் மின்சாரம் போகும் இரண்டு கம்பிகளே இருக்கும். தகவல் போக இன்னும் இரண்டு கம்பி வேண்டும். பிள்ளைகள் பலர் தவித்துப்போவது இந்த இடத்தில்தான். வயர் சரியாக இருந்தும் தெரியவில்லையா? மலிவுப் பலகைகள் சிலவற்றுக்கு டிரைவர் என்ற மென்பொருளைக் கணினியில் தனியாக ஏற்ற வேண்டியிருக்கும். ஆசிரியரிடம் கேளுங்கள்.

இனி மென்பொருள். ஆர்டுயினோ ஐடிஇ இலவசம். அதில் பலகையின் பெயரையும், அது சொருகியிருக்கும் போர்ட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர் ஏன்? பள்ளி மணி அடித்ததும் அடுத்த பாடம் தொடங்குகிறதே, அப்படி சிப்புக்கும் ஒரு மணி உண்டு. உனோவில் அது நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை அடிக்கிறது! வேறு பலகையின் பெயரைச் சொன்னால் நிரல் ஏறாமல் போகலாம், ஏறினாலும் நேரக் கணக்கு தப்பலாம்.

உதாரணங்களில் 'பிளிங்க்' என்ற நிரலைத் திறந்து ஏற்றுங்கள். 13ஆம் பின்னோடு இணைந்த குட்டி விளக்கு ஒரு நொடி எரியும், ஒரு நொடி அணையும். நிரலில் 1000 என்ற எண் இரண்டு இடத்தில் இருக்கிறதா? அது மில்லிநொடிக் கணக்கு. இரண்டையும் 200 ஆக்குங்கள். விளக்கு நொடிக்கு எத்தனை முறை மின்னும்? முதலில் தாளில் கணக்குப் போட்டு, பிறகு பலகையில் எண்ணிப் பார்த்து, விடையை எங்களுக்கு எழுதுங்கள்.