ஏற்றத்தில் பிறக்கும் சூடு

அமெரிக்காவில் அரிசோனா, நெவாடா மாநிலங்களுக்கு நடுவே, கொலராடோ ஆற்றின் மேல் டேவிஸ் அணை இருக்கிறது. அங்கிருந்து யூனியன் கணவாய்க்குப் போகும் சாலை 18 கிலோமீட்டருக்குள் சுமார் 900 மீட்டர் ஏறுகிறது. சுற்றிலும் பாலைவனம். டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கு இதுதான் பரீட்சைக் கூடம். வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்.ஏ.இ. 2008இல் வகுத்த ஜே2807 விதியின்படி, வெயில் குறைந்தது 38 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஏ.சி. முழு அளவில் ஓட வேண்டும். அப்படியிருந்தும், நிறுவனம் அறிவித்த அதிகபட்ச எடையை இழுத்தபடி சாதாரண பிக்கப் வண்டி மணிக்கு 64 கி.மீ.க்குக் கீழே போகாமல் மேலேற வேண்டும். கூலன்ட் பொங்கி வழிந்தால் தோல்வி. இந்த விதி வருவதற்கு முன்பு, இழுவைத் திறனை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் அளந்து சொன்னது.

அந்த ஏற்றத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 5 டன் என்று வைத்துக்கொள்வோம். 900 மீட்டர் தூக்க மட்டும் 44 மெகாஜூல் வேண்டும். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் வேலையாக மாறும் என்பதால், நாலரை லிட்டர் எரிய வேண்டியிருக்கும். மீதியெல்லாம் சூடு. அதில் ஒரு பகுதி புகையோடு போய்விடும். இன்னொரு பகுதி, கிட்டத்தட்ட இழுத்த வேலைக்குச் சமமான அளவு, கூலன்டில் இறங்கும். 17 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து முழுக்க ஆவியாக்க அது போதும். பதினேழே நிமிடத்தில் அவ்வளவையும் ரேடியேட்டர் காற்றில் கொட்டியாக வேண்டும், அதுவும் ஏற்கெனவே கொதிக்கிற காற்றில்.

இன்ஜினுக்காவது சூட்டைக் காட்ட டாஷ்போர்டில் ஒரு முள் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பல வண்டிகளில் சத்தமில்லாமல் வேகும். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே உள்ள டார்க் கன்வெர்ட்டர், ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் கப்பல்களுக்காக 1905இல் காப்புரிமை பெற்ற அபாரமான யோசனை. இன்ஜின் பக்கத்துத் தகடுகள் எண்ணெயை வீசி அடிக்கின்றன; அந்த வீச்சில் எதிர்ப்பக்கத் தகடுகள் சுழல்கின்றன. இரும்பு இரும்பைத் தொடுவதில்லை. ஆனால் இரண்டின் வேகமும் வேறுபடும் போதெல்லாம் சக்தியில் ஒரு பங்கு எண்ணெயிலேயே சூடாகத் தங்கிவிடும். வண்டி நகராமல் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜினின் சக்தி முழுவதும் அந்த எண்ணெயைத்தான் காய்ச்சும். ஓரளவு வேகம் வந்ததும் உள்ளே ஒரு கிளட்ச் இரு பக்கத்தையும் பூட்டிவிடும், நழுவல் நிற்கும். செங்குத்தான ஏற்றத்தில் டாப் கியரிலேயே இழுக்க முயன்றால் அந்தப் பூட்டு அடிக்கடி விடுபடும். கியரும் மேலும் கீழும் தடுமாறும். எண்ணெய் வேகத் தொடங்குவது அப்போதுதான். கியர்பாக்ஸின் டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல எண்ணெய் பொதுவாகச் சிவப்பாகத் தெளிந்திருக்கும். வெந்தது பழுப்பேறிக் கருகல் வாடை அடிக்கும்.

அதனால்தான் கீழ் கியருக்கு மாற்றுவது இவ்வளவு பயன் தருகிறது. இன்ஜின் உறுமுவதைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள், பயப்படத் தேவையில்லை. சுழற்சி கூடும்போது வாட்டர் பம்பும் வேகமாகச் சுற்றி, கூலன்ட் விரைவாக ஓடும். கன்வெர்ட்டரும் பூட்டிய நிலையிலேயே நிற்க வாய்ப்பு அதிகம். பாரம் இழுக்கும்போது அழுத்துவதற்கென்று சில வண்டிகளில் இருக்கும் டோ/ஹால் பொத்தான் செய்வதும் பெரும்பாலும் இதைத்தான். ரேடியேட்டருக்கு முன்னால் கியர் எண்ணெய்க்கென்று தனியாக ஒரு கூலர் பொருத்துவதும் வீண் செலவல்ல.

எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து வேகத்தைக் குறைப்பது. மலையேற வேண்டிய வேலை மாறாது. கடனை நீண்ட தவணையில் கட்டுவதுபோல், நிமிடத்துக்கு இவ்வளவு சூடு என்ற சுமைதான் குறையும். முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறக்கலாம். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். கலிஃபோர்னியாவின் பாலைவன ஏற்றங்களில் ஏ.சி.யை அணைக்கச் சொல்லும் பலகைகளையே நட்டிருக்கிறார்கள்.

உச்சிக்கு வந்ததும், கூலன்ட் கசிவு ஏதும் இல்லையென்றால், இன்ஜினை உடனே அணைக்காமல் சில நிமிடம் ஐடிலில் விட வேண்டும். அணைத்ததும் பம்ப் நின்றுவிடும்; உலோகத்தில் தேங்கிய சூடு அசையாத கூலன்டில் இறங்கும். அந்த நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த வெளியில் 107 டிகிரியில் கொதிக்கும். மூடியின் அழுத்தத்தில் அது சுமார் 129 வரை தாங்கும். திறந்த நொடியில் அந்த அழுத்தம் போய்விடும். உள்ளே இருப்பது நீராவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸ் கைபொறுக்கும் அளவுக்கு ஆறட்டும், பிறகு திறக்கலாம்.