துப்பாக்கி உரிமமும் தீப்பெட்டி கற்பிக்கும் பாடமும்

கோவில்பட்டியிலிருந்து மணியாச்சி நோக்கி இரயிலில் செல்பவர்கள் வழியில் கடம்பூரைக் காண்பார்கள். சுற்றிலும் கரிசல் நிலம். உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் மழையை நம்பி விளையும் பூமி. கதிர் பிடிக்கும் பருவத்தில் இரவோடு இரவாகக் காட்டுப்பன்றிகள் புகுந்து வெள்ளாமையை அழித்துவிடுவதுண்டு. ‘ஒரு துப்பாக்கி இருந்தால் போதுமே’ என்று விவசாயி எண்ணுகிறார். படையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவரோ, வங்கிக் காவலர் வேலைக்குத் துப்பாக்கி உரிமம் தேவை என்று அறிந்து விண்ணப்பிக்க முற்படுகிறார்.

துப்பாக்கியும் சட்டமும் இப்பகுதிக்குப் புதியவை அல்ல. கடம்பூருக்கு அருகிலுள்ள கயத்தாற்றில்தான் 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்ததும், தென்னாட்டு மக்கள் ஆயுதம் வைத்திருப்பதை ஆங்கிலேயர் தடை செய்தனர். 1878-இல் நாடு முழுவதற்கும் ஆயுதச் சட்டம் வந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பிரௌனிங் கைத்துப்பாக்கியால். விடுதலைக்குப் பின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, ஆயுதச் சட்டம், 1959 இயற்றப்பட்டது. இன்று நடைமுறையில் இருப்பது இதுவே.

இச்சட்டத்தின் கீழ் வந்த 2016-ஆம் ஆண்டு விதிகள் ஒரு புதிய கடமையை வகுத்தன. உரிமம் கேட்பவர் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். கையாளும் முறை, சுடும் முறை, பராமரிப்பு, பத்திரமாக வைத்தல், எடுத்துச் செல்லுதல், குழந்தைகளுக்கு எட்டாமல் காத்தல், சட்ட அறிவு ஆகியவை அதன் பாடங்கள். இவற்றை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதால் பயனில்லை. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஓர் அறிவியல் காரணம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் விதி தானே நினைவில் நிற்கும். அவற்றுள் சிலவற்றைக் காண்போம்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிலை அறியாதவர் இல்லை. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது. இரண்டும் தனித்தனியே இருக்கும்வரை கவலையில்லை. உரசும்போது மட்டுமே அவை சந்தித்துத் தீப்பற்றுகின்றன. அபாயம் தரும் இரு பொருள்களைப் பிரித்து வைத்ததே பாதுகாப்புத் தீக்குச்சியின் இரகசியம்.

தோட்டா இதற்கு நேர்மாறானது. அடிபட்டதும் தீப்பொறி தரும் மருந்து, வேகமாக எரியும் வெடிமருந்து, குண்டு அல்லது ரவை ஆகிய எல்லாம் ஒரே கூட்டுக்குள் அடைபட்டிருக்கின்றன. டிரிக்கரை இழுத்தால் ஓர் ஊசி தோட்டாவின் அடியைத் தட்டுகிறது. வெடிமருந்து எரிந்து வாயுவாகிறது. குழலுக்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் பல நூறு மடங்கு உயர்ந்து, குண்டை வெளியே தள்ளுகிறது. ஆகவே, தோட்டா ஏறிய துப்பாக்கியில் பிரித்து வைக்க எஞ்சியிருப்பது ஒன்றுதான்: டிரிக்கரும் விரலும். சுடும் நொடி வரும்வரை விரல் டிரிக்கரைத் தொடக்கூடாது என்பது இதனால்தான்.

பின்னுதைப்பு

‘ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு’ என்று நியூட்டன் விதியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். 12 போர் துப்பாக்கி ஒன்றின் எடை 3.2 கிலோகிராம் என்று கொள்வோம். அது 32 கிராம் ரவையை விநாடிக்கு 380 மீட்டர் வேகத்தில் வீசுகிறது. துப்பாக்கி ரவையைப்போல் 100 மடங்கு கனமானது. எனவே அது 100-இல் ஒரு பங்கு வேகத்தில், அதாவது விநாடிக்கு 3.8 மீட்டர் வேகத்தில் பின்னே வருகிறது. வெளியேறும் வாயு இதை இன்னும் சற்றுக் கூட்டும். கட்டையைத் தோளோடு இறுகச் சேர்த்துப் பிடித்தால், தோளும் உடலும் சேர்ந்து இதைத் தாங்கும். இடைவெளி விட்டுப் பிடித்தால் தோள் எலும்பில் அடி விழும்.

குண்டு எவ்வளவு தூரம் போகும்?

சிறிய .22 ரைபிள் குண்டின் எடை சுமார் 2.6 கிராம். விநாடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. காற்றே இல்லாவிட்டால் அது 11 கிலோமீட்டர் வரை போகக்கூடும். காற்றின் தடையால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டரில் விழுந்துவிடுகிறது. ரவை இலேசானதால் இன்னும் முன்னதாகவே நிற்கும். மூன்று மில்லிமீட்டர் ரவை 200 மீட்டரைச் சற்றே தாண்டும்.

இதைக் கரிசல் காட்டில் பொருத்திப் பாருங்கள். தடுக்க மரமில்லை, மேடில்லை. ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இருப்புப் பாதை உண்டு, ஆடு மேய்ப்பவர் உண்டு, பயறு பறிக்கும் பெண்கள் உண்டு. இரவில் இவர்களில் யாரும் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். ‘இலக்கு எது?’ என்பது பாதிக் கேள்விதான். ‘இலக்குக்கு அப்பால் என்ன?’ என்பது மறுபாதி. குண்டைத் தாங்கிக்கொள்ளும் மண்மேடு பின்னால் இல்லையென்றால் சுடக்கூடாது. பாறையிலோ தண்ணீரிலோ பட்ட குண்டு தெறித்துத் திசை மாறிச் செல்லும்.

வானத்தை நோக்கிச் சுட்டால் ஆபத்தில்லை என்பதும் தவறு. மேலே போன குண்டு எங்கோ ஒரு தலையில் விழலாம். கொண்டாட்டத்தில் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி சுடுபவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழிசெய்துள்ளது.

குழலில் அடைப்பு

மழை பெய்த கரிசல் மண் செருப்பை விடாது என்பது உங்களுக்குத் தெரியும். குழல் வாய் அம்மண்ணில் ஒருமுறை குத்தினால் போதும், உள்ளே களிமண் அடைத்துக்கொள்ளும். அந்நிலையில் சுட்டால் வாயுவுக்கு வழி கிடைக்காமல் குழலே வெடித்துக் கையைச் சிதைக்கலாம். தோட்டா மாறினாலும் இதே கதிதான். 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் சறுக்கி நடுவில் நின்றுவிடும். அதைக் காணாமல் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் பேராபத்து. 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் இதைத் தவிர்க்கவே வந்தது.

டிரிக்கரை இழுத்தும் வெடிக்கவில்லையா? உடனே திறந்து பார்க்காதீர்கள். மருந்து தாமதமாகப் பற்றலாம். குழலை ஆபத்தில்லாத திசையில் நிறுத்தி, குறைந்தது அரை நிமிடம் காத்திருக்க வேண்டும்.

காலி என்று நம்பலாமா?

தோட்டாப் பெட்டியைக் கழற்றிவிட்டதால் கைத்துப்பாக்கி காலியாகிவிடாது. குழலின் அடியறையில் ஒரு தோட்டா ஏற்கெனவே ஏறியிருக்கக்கூடும். பெட்டியை முதலில் கழற்றி, பின்பு அறையைத் திறந்து, கண்ணாலும் விரலாலும் சோதிக்க வேண்டும். அதன் பின்னும் அதை நிறைந்த துப்பாக்கியாகவே கருதி, யார் பக்கமும் நீட்டாதிருக்க வேண்டும். ஒரு விதியில் தவறினாலும் மற்றொரு விதி உயிரைக் காக்கும். காலி என்று தவறாக நம்பியவர்கூடக் குழலைத் தரையை நோக்கிப் பிடித்திருந்தால் பிள்ளை பிழைக்கும்.

ஓசையையும் மறக்கவேண்டாம். துப்பாக்கி வெடிக்கும் ஓசை 140 டெசிபலுக்கு மேல் செல்லும். ஒரே வெடிகூடக் காதின் நுண்ணிய உணர்செல்களை அழிக்கலாம். அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. பயிற்சியின்போது காதுக்கவசம் அவசியம்.

சட்டம் சொல்வது

பொதுவாக உரிமம் பெற 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது. உரிமத்தின் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்ந்தது. பயிர்க்காவலுக்காகச் சட்டம் குறிப்பிடுவது குழல் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை. ஆனால் பயிர்க்காவல் உரிமம் வேட்டை உரிமம் ஆகாது. தோட்டத்தை மேயும் மயிலும் மானும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் காவலில் உள்ளவை. அவற்றைச் சுட்டால் விவசாயியே குற்றவாளி ஆவார்.

கடைசியாக, பயிற்சியில் தவறாமல் வரும் கேள்வி: வீட்டில் துப்பாக்கியை எங்கே வைப்பீர்கள்? பரண்மேல் என்றும் தலையணைக்கடியில் என்றும் சொல்பவர் உண்டு. பரணில் ஏறத் தெரியாத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? சிறு குழந்தையும் இரு கை விரல்களால் டிரிக்கரை இழுத்துவிடும். சரியான விடையைத் தீப்பெட்டி ஏற்கெனவே சொல்லிவிட்டது. துப்பாக்கியைக் காலி செய்து ஒரு பூட்டுக்குள்ளும், தோட்டாக்களை வேறிடத்தில் மற்றொரு பூட்டுக்குள்ளும் வையுங்கள். இரு சாவிகளும் உங்களிடமே இருக்கட்டும்.