கத்தோலிக்கத் திருமணம் செல்லாமை வழக்கு

திருமணம் செல்லாமை அறிவிப்பு என்பது, ஒரு திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லுபடியாகவில்லை எனக் கத்தோலிக்கத் திருச்சபைத் தீர்ப்பாயம் வழங்கும் தீர்ப்பாகும். இது மணமுறிவு அன்று.

சான்றுகள்

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பிரிவு 1060-இன்படி, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை திருமணம் செல்லும் என்றே கொள்ளப்படும். எனவே பிற்காலச் சண்டைகளைக் காட்டினால் மட்டும் போதாது. கட்டாயம், ஏமாற்று, கடுமையான மனநலக் குறை போன்றவற்றால் திருமண நாளிலேயே சம்மதம் பழுதுபட்டிருந்தது என நிறுவ வேண்டும். அக்காலக் கடிதங்கள், மருத்துவ ஆவணங்கள், தம்பதியரை அறிந்தோரின் சாட்சியம் ஆகியவை இதற்கு உதவும். கேள்விப்பட்டதைவிட நேரில் கண்டதற்கு மதிப்பு அதிகம். மனநோய் காரணமாகக் கூறப்பட்டால் வல்லுநரின் கருத்து பெறப்படும்.

நடைமுறை

மனு ஏற்கப்பட்டதும் எதிர்த்தரப்புக்கு அனுப்பப்படும். பதிலளிக்க 15 நாட்கள் உண்டு. திருமணப் பிணைப்பின் காப்பாளர் என்னும் அலுவலர், திருமணம் செல்லும் என்பதற்கான நியாயங்களை எடுத்துரைப்பார். பொதுவாக மூன்று நீதிபதிகள் விசாரிப்பர். முன்பு இரண்டு ஒத்த தீர்ப்புகள் தேவைப்பட்டன. திருத்தந்தை பிரான்சிசின் சீர்திருத்தம் 2015 டிசம்பர் 8 அன்று நடைமுறைக்கு வந்தபின், மேல்முறையீடு இல்லையெனில் ஒரு தீர்ப்பே போதும்.

இந்தியச் சட்டத்தில் நிலை

திருச்சபைத் தீர்ப்பு அரசுச் சட்டப்படி திருமணத்தை நீக்காது. அதை மட்டும் நம்பிச் செய்த மறுமணம் செல்லாது என 1996-இல் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புகளுக்குச் சட்ட ஏற்பு கோரிய பொதுநல மனுவையும் 2017-இல் தள்ளுபடி செய்தது. ஆகவே மறுமணத்துக்கு முன், 1869-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டப்படி நீதிமன்றத் தீர்ப்பும் பெறவேண்டும். இல்லையெனில் அது இருதார மணக் குற்றமாகலாம்.