குசைஸ் மைனாவுக்குப் பூர்வீகம் எது?

துபாயின் அல் குசைஸில் குடியிருக்கும் தமிழருக்கு மைனாவோ பச்சைக்கிளியோ மணிக்காக்கையோ அந்நியமாகத் தெரியாது. ஊரில் பார்த்துப் பழகிய பறவைகள்தாம். ஆனால் அமீரக மண்ணுக்கு இவை மூன்றுமே வெளியூர்ப் பறவைகள். கிளியும் மைனாவும் கூண்டிலிருந்து தப்பியோ திறந்துவிடப்பட்டோ பெருகின. காக்கை கப்பலேறி வந்தது. தண்ணீர் பாய்ச்சி வளர்த்த மரங்கள், வெட்டிவிட்ட புல்வெளி, குப்பைத்தொட்டி என்று நகரம் கொடுத்ததெல்லாம் அவற்றுக்கு வசதியாகப் போயிற்று.

சரி, இந்த மைனா எந்த ஊரிலிருந்து வந்தது? பார்த்தே சொல்லிவிட முடியுமா? கிளியில் ஓரளவு முடியும். தமிழ்நாட்டுப் பச்சைக்கிளிக்கு மேல் அலகு சிவப்பு, கீழ் அலகு கறுப்பு. வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் உள்ள கிளிக்கு இரண்டுமே சிவப்பு. உடலும் சற்றுப் பெரிது. ஆனால் பல நாட்டுக் கிளிகள் ஒரே சந்தையில் விற்கப்பட்டு, தப்பியவை தமக்குள் ஜோடி சேர்ந்துவிட்டால் இந்த அடையாளங்கள் ஓரிரு தலைமுறையில் குழம்பிவிடும். மைனாவில் அந்தத் துப்பும் கிடையாது. கராச்சி மைனாவையும் கோயம்புத்தூர் மைனாவையும் அருகருகே வைத்தால் பழகிய கண்ணும் திணறும்.

இங்கேதான் மரபணு கைகொடுக்கிறது. பறவையின் சிவப்பணுவில், மனிதருடையதைப் போலன்றி, உட்கரு உண்டு. ஆகவே ஒரு சொட்டு ரத்தமே தாராளம். பிடுங்கிய இறகின் அடித்தண்டும் உதவும். அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்த பழைய பறவை என்றால் கால்விரலின் அடித்தோலில் கடுகளவு சீவி எடுக்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாய்வழியில் மட்டும் இறங்குவதால் அது தாயின் பூர்வீகத்தைக் காட்டும். உட்கருவின் டி.என்.ஏ. தாய், தந்தை இரு பக்கத்துக் கலப்பையும் காட்டும். கொஞ்சம் பறவைகளே வந்து பெருகிய கூட்டத்தில் மரபணு வகைகள் குறைவாக இருக்கும். பல இடத்திலிருந்து பலமுறை வந்து கலந்திருந்தால் வகைகள் கூடும். ஆக, எங்கிருந்து என்பதோடு எத்தனை தடவை என்பதற்கும் துப்புக் கிடைக்கிறது.

மைனாவின் பயணம் பழையது. வெட்டுக்கிளியை ஒழிக்க 1762இல் இந்தியாவிலிருந்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். பூச்சிகளைத் தின்னும் என்று நம்பி மெல்போர்னில் 1860களில் விட்டார்கள். 2023இல் 'ஹெரிடிட்டி' ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு இந்தப் பயணங்களில் சிலவற்றைப் பின்னோக்கிப் பிடித்தது. இந்தியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபிஜி, ஹவாய், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களின் 814 மைனாக்கள்; ஒவ்வொன்றின் டி.என்.ஏ.விலும் ஆயிரக்கணக்கான ஒற்றை எழுத்து வேறுபாடுகள். மெல்போர்ன், ஃபிஜி மைனாக்களின் முன்னோர் பெரும்பாலும் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. நியூசிலாந்துக்குப் போனவை மெல்போர்னிலிருந்து கிளம்பியவை. ஹவாய்க்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இந்தியாவின் வேறு பகுதிகளிலிருந்து தனித்தனியே போயிருக்கின்றன. எவரோ கூண்டில் அடைத்துக் கப்பலேற்றிய ஒரு சில பறவைகளின் ஊரை ஒன்றரை நூற்றாண்டு கழித்து அவற்றின் பேரப்பிள்ளைகளின் ரத்தம் சொல்கிறது. எனக்கு இது இன்னும் பிரமிப்பாகவே இருக்கிறது.

ஐரோப்பாவின் பச்சைக்கிளிகளை இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹேசல் ஜாக்சனும் சகாக்களும் 2015இல் இதேபோல் ஆராய்ந்தார்கள். அவற்றின் வேர் பெரும்பாலும் பாகிஸ்தானிலும் வட இந்தியாவிலும் இருந்தது. அங்கே குளிர்காலம் கடுமை; லண்டன் பனியைத் தாங்கும் உடல்வாகு அந்த ஊர்க் கிளிக்கு இருந்ததில் வியப்பில்லை. காக்கையின் கதை வேறு. 89 மணிக்காக்கைகளின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை முழுக்கப் படித்த ஆய்வில், புதிதாகக் குடியேறிய இடங்களின் மரபணு அமைப்பைத் தீர்மானித்தது அங்குள்ள தட்பவெப்பத்தைவிட, அவை கொண்டுவரப்பட்ட வரலாறுதான் என்று தெரியவந்தது.

இதெல்லாம் வெறும் ஆர்வத்துக்கு இல்லை. மைனா, பொந்துகளைப் பிடித்துக்கொண்டு அங்கே கூடுகட்டும் உள்ளூர்ப் பறவைகளைத் துரத்துகிறது, முட்டையைத் தின்கிறது. ஓமானின் தோஃபார் மாகாணத்தில் 2022இல் மைனாவையும் காக்கையையும் ஒடுக்க அரசே களமிறங்கியது. சுட்டும் பிடித்தும் எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஆனால் வரும் வழியை அடைக்காமல் கொன்றுகொண்டே போவது வீண் செலவு மட்டுமல்ல, அந்தப் பறவைகளுக்குச் செய்யும் கொடுமையும்கூட என்பது என் கருத்து. அந்த வழிக்குத்தான் மரபணு துப்புத் தருகிறது. துறைமுகம் வழியாக வருகிறதென்றால் கப்பலில் சோதனை வேண்டும். சந்தை வழியாக வருகிறதென்றால் விற்பனையில் கட்டுப்பாடு வேண்டும், கூண்டைத் திறந்துவிடுபவரிடம் பேச வேண்டும். இந்தியா தன் பறவைகளின் வணிகத்தை 1990-91இலேயே தடை செய்துவிட்டது. வளைகுடாவில் கூண்டுப்பறவை மோகம் குறையவில்லை.

அந்த 2023 மைனா ஆய்வில் நியூசிலாந்து பற்றி இன்னொரு முடிவும் உண்டு. வடக்குத் தீவின் நடுவே ஓடும் மலைத்தொடர், மைனாக்களை மரபணு ரீதியாக இரு கூட்டங்களாகப் பிரித்திருக்கிறது. மலையும் அடர்காடும் மைனாவைத் தடுக்கின்றன என்று அதற்குப் பொருள். தோஃபாரின் சலாலாவுக்கும் துபாய்க்கும் நடுவே கிடக்கும் பாலைவனம் அந்த மலையின் வேலையைச் செய்கிறதா? குசைஸிலும் சலாலாவிலும் பிடித்த மைனாக்களின் ரத்தத்தை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இரண்டும் தனித்தனிக் கூட்டம் என்றால் சலாலா தன் வேலையைத் தானே முடித்துக்கொள்ளலாம். ஒன்றாகக் கலந்தவை என்றால் ஓமானும் அமீரகமும் சேர்ந்து இறங்கினால்தான் பலன் உண்டு.