பிணையத் தகவல் சேவை

பிணையத் தகவல் சேவை, சுருக்கமாக என்ஐஎஸ், என்பது ஒரு பிணையத்தில் உள்ள யுனிக்ஸ் கணினிகள் அனைத்தும் பயனர் பெயர், குழு, கணினி முகவரி போன்ற விவரங்களை ஒரே பொதுப் பதிவேட்டிலிருந்து பெறுவதற்கான ஏற்பாடு ஆகும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980களின் நடுவில் இதை உருவாக்கியது. இந்தியாவில் பிறந்த வினோத் கோஸ்லா உள்ளிட்ட நால்வர் 1982-இல் தொடங்கிய நிறுவனம் அது. முதலில் இதற்கு 'எல்லோ பேஜஸ்' என்றே பெயர். அப்பெயர் பிரித்தானியாவில் பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனத்தின் வணிகக்குறி என்பதால் மாற்ற நேர்ந்தது. ஆனாலும் கட்டளைப் பெயர்களின் முன்னால் உள்ள 'ஒய்பி' என்ற எழுத்துகள் இன்றும் போகவில்லை.

தேவை

யுனிக்ஸ் ஒரு கோப்பின் உரிமையாளரைப் பெயரால் குறித்து வைப்பதில்லை, எண்ணால் குறிக்கிறது. கணினி ஒன்றே என்றால் இதில் தொல்லை இல்லை. பல ஆகும்போதுதான் தொல்லை. நெய்வேலி நகரியத்தை எடுத்துக்கொள்ளலாம். வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்ட ஊர். சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் தள்ளித் தள்ளி இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் மூன்று அலுவலகக் கணினிகள் தனித்தனிப் பயனர் பட்டியல் வைத்திருந்தால், ஓரிடத்தில் 501 என்ற எண் கணக்குப் பிரிவு எழுத்தருக்கும், இன்னோரிடத்தில் அதே எண் பண்டகசாலைப் பணியாளருக்கும் போய்விடலாம். என்எஃப்எஸ் வழியாகக் கோப்புகளைப் பகிர்ந்தால், ஒருவரின் கோப்பை மற்றவர் தம்முடையது போலத் திறக்க முடியும். என்எஃப்எஸ்ஸும் சன் நிறுவனத்தின் படைப்பே. ஆகவே எல்லாக் கணினிகளிலும் எண்கள் ஒத்திருக்கச் செய்யும் பொறுப்பும் அதற்கு வந்தது.

பதிவேட்டை உருவாக்குதல்

ஒரு கணினி முதன்மை வழங்கியாக நியமிக்கப்படுகிறது. பயனர் பட்டியல், குழுப் பட்டியல், கணினி முகவரிப் பட்டியல் ஆகியவை அதில் சாதாரண உரைக்கோப்புகளாக இருக்கும். மேக் கட்டளையை இயக்கினால், மாற்றம் கண்ட கோப்புகள் மட்டும் மேக்டிபிஎம் என்ற நிரல் வழியே டிபிஎம் தரவுத்தளங்களாக மாறுகின்றன. இவற்றை 'மேப்' என்கிறார்கள். பெயர் அப்படி இருந்தாலும் இது வரைபடம் அன்று. ஒரு திறவுச் சொல்லைக் கொடுத்தால் அதற்குரிய வரியைத் தரும் அட்டவணை. ஓர் அட்டவணைக்கு ஒரு திறவே உண்டு. எனவே பயனர் பட்டியல் ஒன்றிலிருந்தே பெயர்வழி ஒரு மேப்பும் எண்வழி ஒரு மேப்பும் உருவாகின்றன.

ஒரு பதிவு 1024 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. உறுப்பினர்கள் மிகுந்த குழுவை இரண்டு மூன்றாகப் பிரிக்க வேண்டிய கட்டாயம் இதனால் நிருவாகிகளுக்கு ஏற்பட்டது.

பகிர்தல்

முதன்மை வழங்கி நின்றாலும் மற்றவர்கள் உள்நுழைய முடிய வேண்டும். அதற்காகத் துணை வழங்கிகள் பிரதிகளை வைத்திருக்கின்றன. புதிய மேப் உருவானதும் ஒய்பிபுஷ் கட்டளை துணை வழங்கிகளின் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் செய்தி சொல்லும். துணை வழங்கி தன் ஒய்பிஎக்ஸ்ஃபர் நிரலால் மேப்பை இழுத்துக்கொள்ளும். பெயர் 'தள்ளு' என்றிருந்தாலும் நடப்பது இழுத்தல்தான். ஒரே ஒரு வரி மாறியிருந்தாலும் மேப் முழுவதும் பயணிக்கிறது.

எது புதியது என்பதை வரிசை எண் சொல்லும். 1970 சனவரி 1 முதல் கடந்த நொடிகளின் எண்ணிக்கை அது. முதன்மை வழங்கியின் கடிகாரம் தவறிப் பின்னோக்கிப் போனால், புதிய மேப்பைத் துணை வழங்கி பழையது என்று எண்ணி ஏற்க மறுக்கும். அப்போது கட்டாயப்படுத்தி மாற்ற வேண்டும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, செய்தி போகும் நேரத்தில் அணைந்திருக்கும் துணை வழங்கி. மேற்சொன்ன எடுத்துக்காட்டில், பணி நீங்கிய ஒருவரின் பெயரை முதன்மை வழங்கியில் நீக்குகிறார்கள். சுரங்க அலுவலகத்துத் துணை வழங்கிக்கு அன்று மின்சாரம் இல்லை. மறுநாள் அது பழைய பிரதியுடன் எழுந்து, நீங்கியவரை வழக்கம்போல உள்ளே விடும். யாருக்கும் பிழைச்செய்தி வராது. இதற்காகவே மணிக்கொரு முறையும் நாளுக்கொரு முறையும் சரிபார்க்கும் சிறு நிரல்கள் சன் தொகுப்பில் சேர்த்தே தரப்பட்டன. அவற்றைக் கால அட்டவணையில் சேர்ப்பது நிருவாகியின் வேலை.

கடவுச்சொல் மாற்றம் முதன்மை வழங்கியில் மட்டுமே நடக்கும். அது நின்றிருந்தால் உள்நுழையலாம், கடவுச்சொல்லை மாற்ற முடியாது.

குறைபாடு

களப்பெயரை அறிந்து வழங்கியை அணுக முடிந்த எவரும் பயனர் மேப்பைக் கேட்டுப் பெறலாம். அதில் மறைகுறியாக்கிய கடவுச்சொற்கள் இருக்கும். பழைய யுனிக்ஸ் முறை கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகளையே கணக்கில் எடுத்தது. எனவே மேப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு சொல்லாக முயன்று பார்ப்பது கடினமில்லை. எந்த முகவரிகளுக்கு விடை தரலாம் என்று கட்டுப்படுத்தும் செக்யூர்நெட்ஸ் கோப்பு பின்னர் வந்தது. அது ஓரளவுதான் உதவியது.

சன் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த என்ஐஎஸ் பிளஸ் பாதுகாப்பானது. ஆனால் அமைப்பது சிக்கலானதால் பரவவில்லை. இந்த விவரங்களை எல்டாப் கோப்பகத்தில் வைக்கும் முறை 1998-இல் ஆர்எஃப்சி 2307 ஆவணமாக வெளியானது. 2022-இல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9ஆம் பதிப்பிலிருந்து என்ஐஎஸ் நிரல்கள் நீக்கப்பட்டுவிட்டன.